கடல் கதைகளில் காற்றும் மாதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரித்திர நாவல்களையும் கடற்படை வரலாற்று நூல்களையும் அடுத்தடுத்துப் படித்ததில், நாவல்களில் உள்ள ஒரு குறை உறுத்துகிறது. கப்பலை அணியம் (முன்முனை) முதல் அமரம் (பின்முனை) வரை வர்ணிப்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் நாகையிலிருந்து கடாரத்துக்கு (மலேசியாவின் கெடா) பாய் விரிக்கிறார்கள்!

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று கரையைப் பார்த்து அடிக்கும். புயலும் அப்போதுதான். ஐரோப்பியர் காலத்தில்கூட நாகையில் பெரிய கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. சரக்கு சலங்கு என்னும் படகுகளில் கரைக்கு வந்தது. (சலங்கின் பலகைகளைக் கயிற்றால் தைப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் தரைதட்டினால் பிளந்துவிடும். தைத்தது வளைந்து கொடுக்கும்.) பருமலில் (பாய்மரத்தின் குறுக்குக் கம்பில்) குறுக்குப்பாய் கட்டிய கப்பலால் எதிர்காற்றுக்குச் சுமார் 67 பாகையைவிட நெருங்கி ஓட முடியாது. நங்கூரம் இழுபட்டால் மணலில் ஏற வேண்டியதுதான். 1746 ஜூலையில் நாகைக்கு அப்பால் ஆங்கிலேயரோடு மோதிய லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்களில் சில, அதே ஆண்டு அக்டோபரில் சென்னைக்கு எதிரே புயலில் அழிந்தன. கிழக்கே போகத் தென்மேற்குக் காற்று, திரும்ப வாடை என்பதே பொது வழக்கு. தை பிறந்து கடல் அடங்கினால் வாடையைப் பக்கவாட்டில் வாங்கியும் போகலாம்.

1782 ஜூலை 6 சண்டையைப் பாருங்கள். நாகைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் 12 கப்பல்கள். முந்தைய நாள் சூறைக்காற்றில் ஒன்றின் பாய்மரங்கள் முறிந்ததால் சண்டைக்கு 11. ஆங்கிலத் தளபதி ஹியூஸிடமும் 11. காலையில் தென்மேற்குக் காற்று, ஆங்கிலேயர் காற்று வரும் பக்கம். மதியம் திடீரென்று தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தது. பாய்கள் பின்னோக்கி அழுந்தின, சில கப்பல்கள் இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் திரும்பின, இரண்டு வரிசைகளும் கலைந்தன. அன்று மாலை ஆங்கிலேயர் நாகைக்கும் நாகூருக்கும் நடுவில் நங்கூரமிட, பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கு எதிரே நின்றார்கள். ஆனி மாதத்தில் காலை மேல்காற்றும் மதியம் கடற்காற்றும் நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்தவை. இதைவிட நல்ல அத்தியாயம் எந்த நாவலாசிரியருக்குக் கிடைக்கும்?

ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்கு அனுப்பிய படையைப் பற்றித் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. மாநக்கவாரம் என்பது நிக்கோபார். ஆனால் கப்பல் கணக்கு ‘பல கலம் செலுத்தி’ என்பதோடு சரி. புறப்பட்ட மாதமும் இல்லை. ஆகவே நாவலில் ‘ஆயிரம் கப்பல்’ என்று வந்தால் அது ஆசிரியரின் கற்பனை. கற்பனைக்கு முழு உரிமை உண்டு. காற்றின் திசையை மாற்ற மட்டும் உரிமை இல்லை.

தங்கள் இதழில் கடற்பயணத் தொடர்கதை வெளியிடும்போது, எந்த மாதம், காற்று எத்திசை என்று காட்டும் சிறு வரைபடம் ஒன்றையும் சேர்க்க வேண்டுகிறேன். டெல்டா மாவட்ட நூலகங்களும் சரித்திர நாவல்களுக்குப் பக்கத்திலேயே கடற்படை வரலாற்று நூல்களையும் அடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகூர்