நாய் எங்கே படுக்கிறது என்று கேளுங்கள்

வளர்ப்பு நாய்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். உண்ணிக்கு நீங்கள் தரும் மருந்துகளில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சில வாரம் போனதும் அதே நாய், அதே காது மடல், மறுபடியும் உண்ணி. மருந்தே போலி என்று முடிவு கட்டி, மாட்டுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய்மேல் ஊற்றுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். எங்களில் பலருக்குத் தெரியாது. வீட்டு நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதே இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. சாம்பல் நிறத்தில் உப்பிப்போய்ச் சுவரோரம் மெதுவாக ஊர்கிறதே, அந்தப் பெண் உண்ணி விரிசலுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும், சில சமயம் 4,000 வரைகூட. வளர்ந்த உண்ணி பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கும். அப்புறம் நாயை மட்டும் குளிப்பாட்டி என்ன பயன்? படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்கவும், கூண்டின் இடுக்கையும் கதவு நிலையின் பின்புறத்தையும் பார்க்கவும், வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் ஒரே நாளில் மருந்து தரவும், உண்ணி கண்ணில் படாவிட்டாலும் சில மாதம் தொடரவும் சொல்லுங்கள். இரண்டு நிமிடப் பேச்சுதான். கூடவே, வீட்டில் பூனை உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

குடற்புழுவிலும் இதே கதைதான். ஆசனவாயைச் சுற்றிக் காய்ந்த அரிசிபோல ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் துண்டு என்று காட்டுகிறீர்கள், மாத்திரையும் தருகிறீர்கள். சரி. ஆனால் அந்தப் புழு பெரும்பாலும் நாய் தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்குவதால் வருகிறது என்பதைச் சொல்வதில்லை. தெள்ளு இருக்கும்வரை புழுவும் திரும்பி வரும்.

குட்டிகள் விஷயம் இன்னும் மோசம். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுவதால் 2 வார வயதிலேயே புழுநீக்கம் தொடங்க வேண்டும். நாங்களோ முதல் தடுப்பூசிக்கு வரும்போதுதான் அதைப் பற்றிக் கேட்கிறோம். சினை நாயைக் கொண்டுவருபவரிடமே இதைச் சொல்லி அனுப்பலாமே! அந்தப் புழுவின் முட்டை குழந்தைகளின் கண்ணைக்கூடப் பாதிக்கலாம் என்றால் யாரும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள்.

உண்ணியோடு திரும்பி வரும் நாய்க்கு விலை கூடிய அடுத்த மருந்தை எழுதும் முன், அது எங்கே படுக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் ஒருவர்