மேலே தெரிவது கபுர் அல்ல

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ஹைதராபாத் பயணக் கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் கோல்கொண்டா கோட்டையை நன்றாகவே சுற்றிக் காட்டியிருக்கிறார். பக்கத்திலுள்ள, கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி மன்னர்களின் சமாதிகளுக்கு வந்ததும்தான் இரண்டு இடங்களில் சறுக்கிவிட்டார்.

அங்குள்ள ஹம்மாமை, அதாவது குளியல் கூடத்தை, ‘மன்னர்கள் உல்லாசமாக நீராடிய இடம்’ என்கிறார். அரச குடும்பத்து மையத்துகளை, அதாவது இறந்தவர் உடல்களைக் குளிப்பாட்டிய இடம் என்றுதான் அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். நடுவில் 12 பட்டை மேடை, அதில் கறுப்புக் கல் பதித்த வேலைப்பாடு. குதுப் ஷாஹிகள் ஷியாக்கள் என்பதால் அந்த 12 பட்டையும் அவர்கள் தலைவர்களாக ஏற்கும் 12 இமாம்களைக் குறிக்கும் என்பார்கள். என் வாப்பா மௌத்தானபோது வீட்டு முற்றத்தில் பலகையில் கிடத்தித்தான் குளிப்பாட்டினோம். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், ஊற்றுவது ஒற்றைப்படையில், கடைசித் தண்ணீரில் கற்பூரம். அப்புறம் தையல் இல்லாத மூன்று துண்டுக் கபன் துணி. அந்த மேடை முன்னால் நின்றபோது எனக்குக் கற்பூர வாசம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்தது, முகமது குலி குதுப் ஷாவின் சமாதிப் படம். ஹைதராபாத்தை 1591இல் நிறுவியவர் அவர். கட்டடம் சுமார் 42 மீட்டர் உயரம். மண்டபத்துக்குள் மெருகேற்றிய கல்லைக் காட்டி ‘மன்னர் உறங்கும் இடம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது வெறும் அடையாளக் கல். படியிறங்கிப் போனால் கீழே நிலவறை, உடலை அடக்கிய கபுர் அங்கேதான். ஆக்ராவின் தாஜ்மகாலில் ஷாஜகானும் மும்தாஜும் இருப்பதும் இப்படித்தான்: கூட்டம் சுற்றி வருவது மேல்தளத்தில், அடக்கம் கீழே. அங்கே ஷாஜகான் கல்லின்மேல் பேனாப் பெட்டி, மும்தாஜ் கல்லின்மேல் எழுதும் பலகை. ஆணா பெண்ணா என்பதற்கு அதுவே அடையாளம்.

கபுரின் மேல் கட்டடம் எழுப்ப வேண்டாம் என்பது நபிமொழி. மன்னர்கள் அதைக் கேட்கவில்லை, சரி. அடக்கும் முறையிலோ ஒன்றும் மாறவில்லை. தலை வடக்கே, கால் தெற்கே, வலப்பக்கமாகச் சாய்த்து முகத்தை மேற்கே, தொழும் திசையான கிப்லா நோக்கி வைப்பார்கள். எங்கள் ஊர் அடக்கத்தலமான மையவாடியிலும் அப்படித்தான். மேலே அடையாளத்துக்கு ஒரு மீசான் கல், அவ்வளவே.

கட்டுரையாளர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. கடைசி சுல்தான் அபுல் ஹசன் அந்தத் தோட்டத்தில் இல்லை. 1687இல் கோல்கொண்டா விழுந்ததும் ஔரங்கசீப் அவரைத் தௌலதாபாத் கோட்டையில் சிறைவைத்தார். அங்கேயே இறந்து, அருகிலுள்ள குல்தாபாத்தில் எளிமையாக அடக்கமானார். 1707இல் இறந்த ஔரங்கசீப்பையும் அதே குல்தாபாத்தில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கபுருக்குக் கூரை கிடையாது, நடுவில் வெறும் மண்தான்.

ஒரு வாசகர்,
காயல்பட்டினம்