சின்ன மாமாவுக்குக் காமாலை இல்லை

கயல் கண்ணு,

போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார், எனக்கும் வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அங்கே அமெரிக்காவில் முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும் ஆக்ஸிகோடோன் என்ற மார்ஃபின் வகை வலி மாத்திரை தருவார்களாம், அதற்கு முன்னால் கன்னத்தின் உள்ளே பஞ்சுக்குச்சியால் துடைத்து, அதற்கு அடிமையாகும் ஆபத்து உண்டா என்று பார்க்கும் ஒரு ஜீன் டெஸ்ட் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டாய். "நம்ம குடும்பத்தில்தான் யாருக்கும் அந்தப் பழக்கமே இல்லையேம்மா" என்றும் சொன்னாய். இருந்தது. சின்ன மாமா மஞ்சள் காமாலையில் சாகவில்லை.

அவனுக்குச் சிறுநீரகக் கல். ஒரு நடுராத்திரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபடி நான் வேலை பார்த்த வார்டுக்கே வந்தான். டாக்டர் பென்டாசோசின் எழுதினார், அதுவும் மார்ஃபின் வகை வலி மருந்துதான். ஊசியைப் போட்டது நான்தான். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "அக்கா, பொறந்ததிலிருந்து இவ்வளவு நிம்மதியா இருந்ததில்ல" என்றான். வலி போன நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். அதே ஊசியை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். சிலருக்குக் குமட்டும், சிலர் தூங்கிப்போவார்கள், அதோடு சரி.

கல் விழுந்த பிறகும் அவனுக்கு வலி விடவில்லை. எங்கெங்கோ போய்ப் போட்டுக்கொண்டான், அப்புறம் தானே குத்திக்கொண்டான். அந்த மருந்தைத் தொடர்ந்து தொடையில் ஏற்றினால் தசை இறுகி மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். அவன் தொடையை நான் விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம்கூட அமுங்காது. புண்ணுக்குக் கட்டுப் போட்டதும் நானே. நாலாவது வருஷம், தூக்க மாத்திரையும் சேர்ந்த ஒரு ராத்திரியில் மூச்சு நின்றுவிட்டது. 31 வயது. பாட்டி கையைப் பிடித்துக் கேட்டதால் ஊருக்குக் காமாலை என்றோம். திமிரெடுத்துப் போனான் என்று பேசிய சொந்தக்காரர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவனுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி என்னை விடவே இல்லை. ரிட்டயர் ஆன பிறகு உட்கார்ந்து படித்தேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், இந்த வகை மருந்துக்கு அடிமையாவதில் பாதியளவு பரம்பரையோடு சம்பந்தப்பட்டது என்று தெரிகிறது. ஆனால் அந்தப் பாதி ஒரு ஜீனில் இல்லை. மிகச் சின்னச் சின்னப் பங்காக எத்தனையோ ஜீன்களில் சிதறிக் கிடக்கிறது.

அதிகம் பேசப்படுவது ஓபிஆர்எம்1. மார்ஃபின் வகை மருந்து மூளையில் போய் ஒட்டுகிற இடத்தை உண்டாக்கும் ஜீன். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும் வடிவம் ஐரோப்பிய வம்சத்தாரிடம் நூற்றுக்குப் பதினைந்து வாக்கில், நம்மவர்களிடம் நாற்பது வாக்கில், ஆப்பிரிக்க வம்சத்தாரிடம் மிகச் சொற்பம். 2020-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் இந்த மாற்றத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள தொடர்பு ஐரோப்பிய வம்சத்தாரிடம் தெரிந்தது. கறுப்பினத்தாரிடம் தெரியவில்லை. அதில் இருந்தவர்களில் பெரும்பகுதி முன்னாள் படைவீரர்கள், அதாவது ஆண்கள். தேனியில் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றி அந்தக் கணக்கு எதைச் சொல்லும், நீயே சொல்.

நீ கேட்ட டெஸ்ட் பதினைந்து மரபணு மாற்றங்களைப் பார்க்கிறது. 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவில் பதினோரு பேர் அதற்கு எதிராக, இரண்டு பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். கொஞ்சம் மாற்றங்களோடு 2023 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இதே மாதிரிப் பேர்போன ஜீன் மாற்றங்கள் பதினாறை எடுத்துக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிப் பார்த்த 2021 ஆய்வு ஒன்று உண்டு. யார் அடிமையாவார் என்பதைக் காசு சுண்டிப் போடுவதைவிட நன்றாக அதனால் சொல்ல முடியவில்லை. ஆள் எந்த வம்சம் என்பதைத்தான் அது கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம், 'உனக்கு ஆபத்து இல்லை' என்று அந்தத் தாள் சொல்லிவிடுமோ என்றுதான். அதை நம்பி நீ பாட்டில் முழுக்கச் சாப்பிட்டுவிடுவாய். தாய்மாமனுக்கும் உனக்கும் சராசரியாகக் கால் பங்கு ஜீன் பொது. எந்தக் கால் பங்கு என்று யாருக்கும் தெரியாது.

முதலில் டாக்டரிடம் மாமா விஷயத்தைச் சொல். நரம்பு மரக்க ஊசி போடுவார்களா, பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் போதுமா என்று கேள். வலி தாங்காவிட்டால் அந்த மாத்திரையைப் போடு, அதில் தப்பில்லை, வலியோடு கிடக்காதே. ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் எழுதச் சொல். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாள் கூடும்போதும், நீண்ட நாள் தொடர்கிறவர்கள் கூடுகிறார்கள் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2017-லேயே கணக்குக் காட்டியிருக்கிறது. பாட்டில் மாப்பிள்ளை கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, வைன் எதுவும் சேரக் கூடாது. இந்த மருந்தால் மூச்சு நின்றால் மீட்கிற நலோக்சோன், மூக்கில் அடிப்பது, அங்கே சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, ஒன்று வாங்கி வை. மிச்சம் இருந்தால் மருந்துக்கடையில் திருப்பிக் கொடு.

முதல் மாத்திரை போட்டதும் எனக்குப் போன் செய். வலி குறைந்ததா என்று கேட்க மாட்டேன். மனசு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன். நிம்மதியாக இருக்கிறது என்று தோன்றினால் மறைக்காமல் சொல், கண்ணு.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் குடும்ப வரலாறு என்று ஓர் இடம் இருக்கும். அதில் எழுது: தாய்மாமன், பென்டாசோசின், 31 வயதில் மரணம்.

அம்மா