ரோலை நீயே கழுவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, "ஃபிரேம் நல்லா வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார். ஸ்டூடியோ நடத்திய காலத்திலும் அப்படித்தான். கிளிக் செய்வதோடு அவர் வேலை முடிந்துவிடும். இருட்டறை என் பொறுப்பு என்பதால் என் கண்ணில் வேறு சங்கதிகள் பட்டன. ஓக்கர் ஆற்றுப் பாலம், சைக்கிள்கள், உன் தோழி என்று எல்லாப் படத்திலும் வலது ஓரமாக, மேலிருந்து கீழே ஒரு மெல்லிய கோடு. வானத்தில் பஞ்சு பறந்ததுபோலத் தூசி. "இதுதாம்மா பழைய கேமராவோட அழகு" என்று வேறு எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேமரா பழசு என்றால் வேலையும் அரைகுறையாக இருக்கலாம் என்று எந்த ஊரில் சட்டம்? கீறல் விழுந்த கல்யாணப் படத்தை நம் ஸ்டூடியோவில் யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று முதலில் கண்டுபிடி. நீ வாங்கிய ரோலிகார்டு கேமராவில் பிலிம் கீழிருந்து மேலே ஓடுகிறது. எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்தில் நிமிர்ந்த கோடு என்றால், கேமராவுக்குள் ஏதோ ஒரு உருளையில் மண்துகள் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது லேபில் ஈரப் பிலிமை எதையாவது வைத்து வழித்திருக்க வேண்டும். வீணாய்ப்போன ஒரு ரோலைப் போட்டு முழுதாகச் சுற்றி எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார். அதிலும் கோடு இருந்தால் கேமராதான். மெல்லிய துணியால் உருளைகளைத் துடைத்தால் போதும். கோடு இல்லையென்றால் கழுவும்போது விழுந்தது.

ஜெர்மனியில் நீ படிக்கிற பிரவுன்ஷ்வைக்கில்தான் அந்தக் கேமராவைச் செய்தார்கள் என்பது உனக்குத் தெரியுமா? ஃபிராங்கே அண்ட் ஹைடெக்கே கம்பெனி 1920-ல் அங்கே தொடங்கியது. 1929-ல் ரோலிஃபிளெக்ஸ், 1933-ல் அதைவிடக் குறைந்த விலையில் ரோலிகார்டு. நம் ஸ்டூடியோவில் இருந்ததும் ரோலிகார்டுதான். செகண்ட் ஹேண்டில் அப்பா வாங்கியது. அதில் பெரும்பாலும் ஊட்டியில் தயாரான 'இந்து' (Indu) என்ற பெயருள்ள பிலிம்தான் ஓடியது. நீ அந்தக் கேமராவைச் சந்தையில் பார்த்துவிட்டு "அம்மா, நம்ம வீட்டுல இருந்த மாதிரியே இருக்கு" என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டபோது, அப்பா எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி "ஒரு செகண்ட் ஷட்டர் ஒழுங்கா ஓடுதா?" என்பது. நீ இன்னும் பதில் சொல்லவில்லை. பழைய ஷட்டரில் எண்ணெய் இறுகி, மெதுவான வேகங்கள்தான் முதலில் சிக்கும். இன்னொன்றும் சொல்லச் சொன்னார்: ஷட்டர் வேகம் 1/500 செகண்ட் வைப்பதாக இருந்தால், ஷட்டர் ஸ்பிரிங்கை முறுக்கி ஏற்றும் முன்பே வைத்துவிடு. ஏற்றியபிறகு திருகினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பாடுபடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இனி லேபுக்கு அனுப்பாதே. நீயே கழுவு.

இருட்டறை தேவையில்லை. நாங்கள்தான் கும்மிருட்டில் பிலிமின் இரண்டு முனையையும் இரு கையில் பிடித்து, ஏற்றம் இறைப்பதுபோல டிஷ்ஷில் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தோம். உனக்கு ஒரு பிளாஸ்டிக் டேங்க், ஒரு சேஞ்சிங் பேக் (வெளிச்சம் புகாத, கையை உள்ளே விட்டு வேலை செய்கிற பை), தெர்மாமீட்டர், அளவு ஜாடி இருந்தால் போதும். கஷ்டமான இடம் பிலிமை டேங்குக்குள் வைக்கிற ஸ்பூலில் ஏற்றுவது மட்டும்தான். ஸ்பூல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், சொட்டு ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் மடங்கி நின்றுவிடும். அந்த வீண் ரோலை வைத்து முதலில் பார்த்துக்கொண்டே ஏற்று, பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏற்று, அப்புறம் பைக்குள். உன் கேமராவில் போடுகிற 120 பிலிமில் ஒரு முனை பேப்பரோடு டேப் போட்டு ஒட்டியிருக்கும். ஒட்டாத முனையை முதலில் விடு. டேப்பைப் பிய்க்கும்போது மெதுவாகப் பிய். வெடுக்கென்று இழுத்தால் இருட்டில் நீலமாக ஒரு வெளிச்சம் மின்னும், பார்த்திருக்கிறேன்.

டெவலப்பர், அதாவது பிலிமில் படத்தை வெளியே கொண்டுவருகிற மருந்து, அந்த விஷயத்தில் உனக்குச் சபலம் வரும். ஒருவர் ரோடினல் என்பார், இன்னொருவர் வேறொன்றைச் சொல்வார். எதையும் கேட்காதே. எச்பி5 பிலிம் கைவசம் வைத்திருக்கிறாய் அல்லவா, அதையே வாங்கு. டெவலப்பர் ஐடி-11. இந்த இரண்டைத் தவிர ஒரு வருஷத்துக்கு வேறெதையும் தொடாதே. பிலிமையும் மருந்தையும் மாறி மாறிப் போட்டால், படம் கெட்டதற்குக் காரணம் எது என்று கடைசிவரை தெரியாது. ஐடி-11-ஐயும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, 20 டிகிரியில் 13 நிமிஷம். முதல் பத்து செகண்டில் டேங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்து, மேஜையில் ஒரு தட்டு தட்டு, குமிழி விட்டுப்போகும். பிறகு ஒவ்வொரு நிமிஷத் தொடக்கத்திலும் அதே நான்கு. ஒரு நாள் வேகமாக, ஒரு நாள் சோம்பலாக ஆட்டாதே. உபயோகித்ததைக் கொட்டிவிடு, மறுபடி பாட்டிலில் ஊற்றாதே.

அந்த 20 டிகிரி உனக்கு அங்கே சும்மா கிடைக்கிறது. குளிரில் கொஞ்சம் வெந்நீர் சேர்த்தால் முடிந்தது. நான் அதற்குப் பட்ட பாடு! மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 34 டிகிரியில் நிற்கும். அந்தச் சூட்டில் டெவலப்பர் ஓடுகிற ஓட்டத்தில் படம் திட்டுத்திட்டாக வரும், பிலிம் மேல் பூசியிருக்கிற ஜெலட்டின் ஊதி, நகம் பட்டாலே உரிந்து வரும். மண்பானைத் தண்ணீர், ஐஸ் கட்டி போட்ட அலுமினிய அண்டா, அதற்குள் மருந்து பாட்டில், இப்படித்தான் ஓட்டினோம். ஜெலட்டின் ஊதாமல் இருக்க மருந்தில் சோடியம் சல்பேட் சேர்ப்பதும் உண்டு. நாங்கள் உபயோகித்த டி-76 என்ற டெவலப்பரைப் பொடி வாங்கி நானே தராசில் நிறுத்துக் கலப்பேன்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. சல்பைட் முழுவதையும் முதலில் போட்டால் மெட்டால் கரையவே கரையாது. ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அதன்பிறகுதான் மற்றவை. அந்த மெட்டால்தான் என் விரல்களைத் தின்றது. சின்ன வயதில் "அம்மா கை ஏன் இப்படி வெடிச்சிருக்கு" என்று கேட்பாயே, அதன் காரணம் அதுதான். கையுறை போடாமல் எதையும் தொடாதே. இதில் பேச்சே கிடையாது.

டெவலப்பரைக் கொட்டியதும் அதன் வேலையை நிறுத்துகிற ஸ்டாப் பாத், பிறகு படத்தை நிலைக்கவைக்கிற ஃபிக்ஸர். எந்த ஃபிக்ஸரானாலும் நாங்கள் ஹைப்போ என்றே சொல்வோம். எல்லாக் கரைசலும் ஒரே சூட்டில் இருக்கட்டும். திடீரென்று ஜில்லென்ற தண்ணீர் பட்டால் ஜெலட்டின் சுருங்கி வலைபோல் வெடிக்கும். ஃபிக்ஸரை நம்புவதற்கு முன் பிலிம் துண்டு ஒன்றைப் போட்டுப் பார். பால்நிறம் போய்க் கண்ணாடியாகத் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப்போல இரண்டு மடங்கு வை. தீர்ந்துபோன ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்றாதே, அதில் வெள்ளி இருக்கிறது. ஸ்டூடியோ காலத்தில் இங்கே அதை வாங்கிக்கொண்டு போகவே ஆட்கள் வருவார்கள். உங்கள் ஊரில் ரசாயனக் கழிவு வாங்குகிற இடம் இருக்கும், விசாரி.

ஃபிக்ஸர் போகப் பிலிமை அலசுவதற்குக் குழாயை ஓடவிட வேண்டாம். டேங்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, புதுத் தண்ணீரில் பத்து, இன்னொரு தண்ணீரில் இருபது. இது ஐடி-11 செய்கிற இல்ஃபோர்டு கம்பெனியே சொல்கிற வழி. கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில், தண்ணீர்த் தடம் விழாமல் இருக்க வெட்டிங் ஏஜென்ட் ஒரு சொட்டு. அதன்பிறகு துடைக்காதே, விரலால் வழிக்காதே. குளித்து முடித்த கையோடு பாத்ரூமில் தொங்கவிடு. ஆவி தூசியை அடக்கிவிடும். கதவைச் சாத்தி வை. கூட இருக்கிற பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, பாவம், அவர்களும் குளிக்க வேண்டும்.

ரோல் காய்ந்ததும் எனக்கு ஸ்கேன் அனுப்பாதே. ஸ்கேனர் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும், ஒன்றும் புரியாது. நெகட்டிவையே ஜன்னலுக்கு எதிரே பிடித்து போனில் எடுத்து அனுப்பு. ஓரத்தில் பிலிம் பெயர் அச்சாகியிருக்கும், அந்த எழுத்தும் தெரிய வேண்டும். எழுத்து நல்ல கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால், நீ கேமராவில் வெளிச்சம் போதாமல் எடுத்திருக்கிறாய். அதை அப்பா பார்த்துக்கொள்வார். எழுத்தே வெளிறியிருந்தால் டேங்கில்தான் கோளாறு. அதற்கு என்னைக் கூப்பிடு, அன்றுபோல ராத்திரி பதினொரு மணியானாலும் பரவாயில்லை.

அம்மா