பிசானத்தத்துச் சித்தப்பாவுக்கும் மற்ற அனைவருக்கும்

குப்பம், குடுபள்ளி, பிசானத்தம், கோலார் தங்கவயல் பக்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மறதி நோயால் இரவில் வழிதவறிக் காணாமல் போன அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டே, உப்பு போதவில்லை என்று அம்மாவிடம் சண்டை போடுகிறார். பாதத்தில் முள் கிழித்த இடத்தில் ஒரு கட்டு, அவ்வளவுதான். அந்த இரவில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தேடியவர்கள் நீங்கள்தானே. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் நன்றியை ஆறப்போடக் கூடாது. ஆறினால் அது கல்யாணப் பத்திரிகை வாசகம் போல ஆகிவிடும்.

முதலில் பிசானத்தத்துப் பெரியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்பாவை அவர் ‘அன்னா’ என்று கூப்பிட்டார். அந்தக் கணக்கில் எனக்குச் சித்தப்பா. அப்படியே எழுதுகிறேன்.

இரவுக் கரண்டு வந்ததும் வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டப் போனவர் சித்தப்பா. பழைய சுரங்கத்தின் வேலியோரம் ஒரு கிழவர் நிற்பதைப் பார்த்திருக்கிறார். குடிகாரர் என்று ஒதுங்கிப் போயிருக்கலாம். திருடன் என்று கூச்சல் போட்டிருக்கலாம். அதற்குள் அப்பாவே கேட்டிருக்கிறார்: “கேஜ் இறங்கிவிட்டதா? எனக்கு நைட் ஷிப்ட்.”

கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு. அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. சித்தப்பாவும் சுரங்கத்து ஆள்தான். பிசானத்தமும் சிகுருகுண்டாவும் ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும், தங்கவயலை நடத்திய அதே பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையில் இருந்தவை. 2001-இல் தங்கவயலில் விழுந்த பூட்டு இங்கேயும் விழுந்தது. ஆழத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. அப்பா வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடி மட்டத்துக்குப் போக ஒரு கேஜ் போதாது, பாதியில் இறங்கி வேறு கேஜ் மாற வேண்டும். அங்கே பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும்.

“மைன்ஸ் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டதே” என்று யாராவது அப்பாவிடம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். உடனே யூனியன் ஆபீசுக்குக் கிளம்ப வேட்டியை மாற்றுவார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியை அவருடைய நினைவிலிருந்து நோய் அழித்துவிட்டது. மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது.

சித்தப்பா அந்தத் தேதியைப் பற்றிப் பேசவே இல்லை. தெலுங்கிலேயே சொல்லியிருக்கிறார்: “அன்னா, இன்றைக்கு ஷிப்ட் இல்லை. கீழே ஏர் பிளாஸ்ட். யாரையும் இறக்கக் கூடாது என்று உத்தரவு. உங்களுக்கு ஹாஜர் போட்டாகிவிட்டது.”

ஏர் பிளாஸ்ட் என்றால் என்னவென்று தங்கவயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குப்பத்து இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். தங்கம் ஓடும் பாறையை வெட்டி எடுக்க எடுக்க, அது தாங்கிய பாரமெல்லாம் மிச்சமிருக்கும் பாறையின் மேல் ஏறும். ஒருநாள் அது தாங்காமல் வெடித்துச் சிதறும். மருந்து வைக்காமலே வெடி. மேலே எங்கள் லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சாஃப்ட்டு என்ற சுரங்க வாய்ப் பக்கம் ஓடுவார். அப்பா டிம்பர் வேலைக்காரர். வெட்டி எடுத்த வெற்றிடம் சரியாமல் இருக்க மரம் அடுக்கி முட்டுக்கொடுப்பது அவர் வேலை. ஒரு முறை அவருடைய செட்டில் இரண்டு பேர் மேலே வரவில்லை. அவர்களைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே கிடையாது.

அதனால்தான் அவர் அடுத்துக் கேட்டது எனக்கு வியப்பாக இல்லை. “ஆட்கள்?” என்றாராம்.

“எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் அன்னா. ஒருவருக்கும் அடி இல்லை.”

“எண்ணிப் பார்த்தாயா?”

“எண்ணினேன். கணக்கு சரி.”

அப்பா மோட்டார் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு பீடி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பீடியும் கிடைத்தது, களியும் வேர்க்கடலைத் துவையலும் கிடைத்தன. சாப்பிடும்போது சட்டைக் காலர் திரும்ப, உள்ளே தையல்காரரின் துணிச்சீட்டும் அதில் ஒரு கைப்பேசி எண்ணும் சித்தப்பாவின் கண்ணில் பட்டன. நாங்கள் அவர் சட்டைப் பையில் ஒரு முகவரிகூட எழுதி வைக்கவில்லை. தையல்காரர் தன் விளம்பரத்துக்குத் தைத்த சீட்டு அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தது.

தூக்கத்திலிருந்து எழுந்து போனை எடுத்த அந்தத் தையல்காரருக்கு நன்றி. மூன்று மொழிகளிலும் செய்தியைப் பரப்பியவர்கள், டார்ச்சுடன் தண்டவாளம் நெடுக நடந்த ரயில்வே ஊழியர்கள், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரர்கள், மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு பெட்டியிலும் அப்பாவின் படத்தைக் காட்டிய பிள்ளைகள், காலுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் அம்மா, எல்லோருக்கும் நன்றி. “பசித்தால் தானாக வருவார், காலையில் வாருங்கள்” என்று அனுப்பிவைத்த அலுவலகம் ஒன்றும் உண்டு. அதற்கும் நன்றி, அந்தக் கோபத்தில்தான் விடியும்வரை எனக்குக் கண் சொக்கவில்லை.

இரண்டு நாளாக ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கிய பூமி தங்கவயல். என் தாத்தாவைப் போல வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் இறங்கி இறங்கி 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். (எங்கள் வீட்டுக்கு வந்த தங்கம் அம்மாவின் தாலிப் பொட்டு. அதுவும் குப்பத்தில் கடனுக்கு வாங்கியது.) 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, பெங்களூருக்கு மூன்று வருடம் முன்னால், என்று இன்றும் மார்தட்டுகிறோம். பிறகு தங்கத்தின் விலையைவிடத் தோண்டும் செலவு கூடியது, மூடினார்கள். பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறியது. அப்பா முட்டுக்கொடுத்த மட்டங்கள் அதில் மூழ்கிக் கிடக்கின்றன. கணக்குத் தீர்த்தார்கள், காசோலை கொடுத்தார்கள். ஆனால் கடைசி ஷிப்ட் ஏறி வந்த நாளில் “எல்லோரும் வந்துவிட்டீர்கள், இனி வீட்டுக்குப் போகலாம்” என்று அப்பாவிடம் யாராவது சொன்னார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. அதைச் சொல்ல வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டப் போன ஒருவர் வேண்டியிருந்தது.

தம்பியும் நானும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறோம். தினமும் சாயங்காலம் அப்பாவின் முன்னால் அதில் ஹாஜர் போடுவதாக முடிவு. நேற்று நான் எழுதும்போது எட்டிப் பார்த்து, இனிஷியல் தப்பு என்று திருத்தினார். ஷிப்ட் இல்லையா என்று கேட்டார். ஆட்கள் எல்லோரும் மேலே இருக்கிறார்கள் என்றேன். சரி என்று படுத்துக்கொண்டார்.

சித்தப்பா, வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறோம். சமையல் எங்களுடையது, துவையல் மட்டும் உங்கள் வீட்டில் அரைக்க வேண்டும். ஷிப்ட் ஏன் இல்லை என்று அவர் கேட்டால் வேறு எந்தக் காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், பண்டிகை லீவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போனஸ் எங்கே என்று உங்களைப் பிடித்துக்கொள்வார்.