மூணாறு கதாநாயகிக்கு ஒரு பெயர் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த மூணாறு காதல் கதையை எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலைந்து பேர் கைமாற்றிப் படித்தோம். நடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்? சென்னைக்காரன் கேமராவைத் தூக்கியதும் கூடையோடு திரும்பிச் சிரிக்கிறாள், வெட்கப்படுகிறாள், அவன் ஊருக்குப் போனதும் மலை உச்சியில் நின்று வழி பார்க்கிறாள். கதை முடிகிறவரை அவளுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

என் அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மழைக்காலத்தில் வேலை விட்டு வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து உதிர்ப்பார், அப்புறம்தான் கட்டன் சாயா. எடை போடுகிற இடத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதினாலும் நகராமல் நின்று கேட்பார். அவருக்கும் காதல் கல்யாணம்தான். அப்பா வந்து கேட்டு மூன்று மாதம் பதிலே சொல்லவில்லையாம், ஏன் என்று கேட்டால், "சீட்டு முடியட்டும், தங்கச்சி பீஸைக் கட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்பார். அந்த மூன்று மாதத்தில் இல்லாத காதல் கதையா?

2015 செப்டம்பரில் இப்படிக் கொழுந்து எடுக்கிற பெண்கள்தான் தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு டவுன் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அப்போது தினக்கூலி 232 ரூபாய். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று கேரளம் முழுக்கப் பேசினார்கள். கதைகளில் மட்டும் எங்களுக்கு வாயே இல்லை.

மலையாளப் பெண்ணுக்கும் இதே கதிதான், செட் முண்டு, ஈரக்கூந்தல், 'எந்தா சேட்டா', அதோடு சரி. எங்கள் அங்கன்வாடி சேச்சிக்கு இப்படி ஒரு கதையைப் படித்துக் காட்டினேன். "இவளை எந்த ஊர்ல பாத்தாங்க?" என்று வருத்தமாகக் கேட்டார்.

வெளிநாட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது. 1904-ல் மிலான் நகரில் அரங்கேறிய ஓர் இத்தாலிய ஓபராவில் 15 வயது ஜப்பானியப் பெண் அமெரிக்கக் கடற்படை அதிகாரியைக் கட்டிக்கொள்கிறாள், அவன் வருவான் வருவான் என்று காத்திருந்து கடைசியில் உயிரை விடுகிறாள். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங்குக்கு ஹாலிவுட் திரும்பத் திரும்பக் கொடுத்தது ஒன்று ஏமாந்து சாகிற பெண் வேடம், இல்லை சூழ்ச்சிக்காரி வேடம். வெள்ளைக்கார நாயகனோடு ஜோடி சேர 1930-களின் தணிக்கை விதிகளும் விடவில்லை. எத்தனை திறமை வீணாய்ப் போயிருக்கும்! அங்கே ஆசியப் பெண்ணுக்கு நடந்ததை இங்கே நாமே நம் பெண்களுக்குச் செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த முறை மூணாறு கதை போடுவதாக இருந்தால், எழுதுகிறவரை ஒரு நாள் சாயங்காலம் எடை போடும் இடத்துக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள். கதாநாயகிக்கு ஒரு பெயர் வைக்கட்டும். அவன் கேட்டதும் அவள், "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

– ஒரு வாசகி, தேவிகுளம் தாலுகா