படிக்காமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

முன்னாள் படைவீரர்களின் ஊன ஓய்வூதியம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அந்த ஓய்வூதிய வழக்கின் தீர்ப்பைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். தீர்ப்பு வரை ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வேலூர் பக்கத்து ஆட்களுக்குப் பல வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறேன்.

வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் போன மாதம் எடுத்த ஸ்கேனும் மாத்திரைச் சீட்டும்தான் இருக்கும். அவை இன்றைய உடல்நிலையைச் சொல்லும், அவ்வளவுதான். மெடிக்கல் போர்டு, அதாவது ஊனத்தை மதிப்பிடும் ராணுவ மருத்துவர் குழு, கேட்பது வேறு. நோய் எப்போது தொடங்கியது? அப்போது ஆள் எங்கே பணியில் இருந்தார்? அந்தப் பணிதான் நோயைத் தந்ததா, அல்லது இருந்த நோயை மோசமாக்கியதா? ஊனம் 20 சதவீதமாவது இருக்கிறதா? வயது முடிந்து ஓய்வு பெறுகிறவருக்கு 15-19 சதவீதம் என்று எழுதிவிட்டால் ஊன ஓய்வூதியம் கிடையாது. 20 என்று எழுதி, பணியால் வந்தது என்றும் ஒப்புக்கொண்டால், 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அது 50 ஆகக் கணக்கிடப்படும். ஓர் எண்ணில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் பீரங்கிப் பிரிவில் 17 வருஷம் இருந்தவர். இரண்டு காதும் மந்தம். ஓய்வின்போது நடந்த போர்டு 20 சதவீதம் என்று எழுதியது, ஆனால் பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் எழுதிவிட்டது. ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆறு வருஷம் கழித்து என்னிடம் வந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். அடியில், பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகளுக்கு நடுவே, பணிக்காலத்தில் ராணுவ மருத்துவமனையில் எடுத்த ஆடியோகிராம் (காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடம்) ஒன்று இருந்தது. அவர் மனைவி எடுத்து வைத்தது. அதில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதி ஒலி பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. அது வெடிச்சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம் என்று காது மருத்துவர் காரணத்தோடு எழுதிக் கொடுத்தார். சேரும்போது காது நன்றாக இருந்தது என்ற மருத்துவப் பரிசோதனைத் தாளை, படைவீரர்களின் பணிப் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். தாமதத்துக்கு விளக்கம் எழுதி மேல்முறையீடு செய்தோம். இரண்டாவது மேல்முறையீட்டில்தான் ஓய்வூதியம் கிடைத்தது. அந்த அம்மா அந்த ஒரு தாளைத் தூக்கிப் போட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சேரும்போது குறிப்பிடாத நோய் பிறகு வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், பணியால் வரவில்லை என்று சொன்னால் போர்டு அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவுச் சிப்பாயான அவர் 1985-இல் சேர்ந்து, 1994-இல் வலிப்பு நோயோடு வெளியே அனுப்பப்பட்டவர். ஆனால் 2023 செப்டம்பரில் ஊன ஓய்வூதிய விதிகள் மாறிவிட்டன. இனி ஓய்வு பெறுகிறவர்கள் பழைய தீர்ப்பை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. விடுப்பில் பைக்கில் விழுந்தது போன்ற விஷயங்களில், பணியோடு உள்ள தொடர்பைக் காட்டுவது இன்னும் கஷ்டம்.

இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வலித்தால் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். சிக் ரிப்போர்ட் செய்யுங்கள், அதாவது உடம்பு சரியில்லை என்று யூனிட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அடிபட்டால் அன்றைக்கே இன்ஜுரி ரிப்போர்ட் எழுத வையுங்கள். மருத்துவமனையிலிருந்து வரும்போது தரும் சீட்டை நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். கடைசிப் போர்டில் ‘பணியால் வந்ததா’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்றுப் பதிவு செய்ய வருகிறவரிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்கும்போதே, போர்டு நகலையும் கேளுங்கள். ஓய்வூதியத்தை மறுத்து வந்த கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.